கோசோங்: காலியா, சைபரா?

குணபூசணியின் விரல்கள் தட்டெழுத்து இயந்திரத்தில் நிமிடத்துக்கு எண்பது சொல் ஓடும். ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்தில் யாரும் அந்த வேகத்தைப் பற்றிப் பேசியதில்லை. மேலதிகாரி கொடுத்த வரைவில் ஒரு வரி இரண்டு விதமாகப் பொருள்பட்டால் அதைத் தட்ட மாட்டார். தாளை எடுத்துக்கொண்டு போய் அதிகாரியின் மேசை முன்னால் நிற்பார். இந்தச் சுற்றறிக்கையில் 'அவர்' என்று வருகிறதே, அது மாற்றலாகிப் போகிறவரா, புதிதாக வருகிறவரா என்று கேட்பார். சிலர் சிரித்துக்கொண்டே திருத்தினார்கள். சிலர், உள்ளதை அடித்தால் போதும் என்று எரிந்து விழுந்தார்கள். அவர்களிடம் மறுபேச்சுப் பேச மாட்டார், நகரவும் மாட்டார்.

நாற்பத்தைந்தாவது வயதில் விருப்ப ஓய்வு வாங்கினார். பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. வீட்டில் அவரும், பள்ளி ஆசிரியையாக இருந்த அக்காள் புனிதவதியும் மட்டும்தான். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான்கு மாதம் வீட்டில் இருந்து பார்த்ததில் குணபூசணிக்குச் சலிப்புத் தட்டியது. தூரத்து உறவினரான யோகநாதன், ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் கணினி மென்பொருள் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். தட்டெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார். போனார். அது தொண்ணூறாம் ஆண்டு.

அந்த நிறுவனத்தில் மொத்தம் ஐந்து பேர். தொழிற்சாலைகளுக்கு ஒரு மென்பொருள் செய்து விற்றார்கள். எந்திரங்களின் சூடு, அழுத்தம், காற்றில் கலந்திருக்கும் வாயு, இவற்றையெல்லாம் கணினியே பார்த்துக்கொண்டிருக்கும். அளவு மீறினால் சைரன் அடிக்கும். எந்த ஆலைக்கு எவ்வளவு அளவு என்பது ஒரு சிறிய கோப்பில் எழுதியிருக்கும். செட்டப் ஃபைல் என்பார்கள். அதில் ஒரு வரிக்கு ஒரு விஷயம்: முதலில் பெயர், பிறகு ஒரு சமக்குறி, அதன் பின்னால் ஓர் எண். அவ்வளவுதான். ஆலையில் இருக்கிற டெக்னீஷியன் அந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம். எப்படி மாற்றுவது என்று சொல்லும் கையேட்டை எழுதுவதுதான் போகப்போகக் குணபூசணியின் வேலையாக ஆயிற்று.

மென்பொருளை எழுதியவர் ஜெயராஜ். முப்பத்திரண்டு வயது, கெட்டிக்காரர். ஆனால் அவர் எழுதித் தரும் ஆங்கிலக் குறிப்புகள் தந்தி மாதிரி இருக்கும். குணபூசணி அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக் கேட்டு அதை வாக்கியமாக்குவார். ஆலை ஆட்கள் மலாயில்தான் படிப்பார்கள் என்பதால் மலாய்ப் பிரதியும் அவரே எழுதினார். கல்வி இலாகாக் கடிதங்களிலேயே இருபது வருஷம் கழித்தவருக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு அக்டோபரில் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதையும் எங்கோ எரிந்த காட்டுத்தீயின் புகைமூட்டம் மூடியிருந்தது. பகல் பத்து மணிக்கும் கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. ஊரே இருமிக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. குணபூசணி எடுத்தார். கிள்ளானுக்கு அருகே மேருவில் ரப்பர் கையுறை செய்யும் ஆலையிலிருந்து டெக்னீஷியன் பக்கிரிசாமி பேசினார். நாற்பது வயதுக்காரர், தோட்டத்து எலெக்ட்ரீஷியனாக இருந்து ஆலைக்கு வந்தவர். எதையும் அரைகுறையாக விடமாட்டார். வாங்கிய மூன்று மாதத்தில் கையேட்டை முழுக்கப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று குணபூசணிக்கு அவர்மேல் ஒரு மரியாதை உண்டு.

"அக்கா, சும்மா ஒரு சந்தேகம். கேஸ் லைன்ல நான் நம்பர் ஒன்னும் போடல. மேனுவல்ல போட்டிருக்கிற மாரிதான் செஞ்சேன். ஆனா ஸ்கிரீன்ல கோசோங் காட்டுது. ஓகேதானே?"

"கோசோங்னா என்ன? காலியா இருக்கா, சைபர் இருக்கா?"

"சைபர்லா அக்கா. ஒரு முட்டை."

மலாயில் கோசோங் என்றால் காலி. டெலிபோன் எண் சொல்லும்போது சைபருக்கும் அதேதான். தினம் நூறு தடவை காதில் விழுகிற சொல். பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார் குணபூசணி. பக்கிரிசாமி அவசரம் இல்லை என்றார். இன்றைக்கு இரண்டு மணிக்குக் குளோரின் சிலிண்டர் மாற்றுகிறார்கள், அதற்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அதான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கையுறைகளைக் குளோரின் கலந்த நீரில் அலசுவார்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க. குளோரின் காற்றில் கசிந்தால் நுரையீரலை எரிக்கும். அதற்குத்தான் அந்த வரி. எல்லை ஒன்று என்று போட்டிருந்தால், காற்றில் வாயு பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டியதும் சைரன் அடிக்கும்.

குணபூசணி ஜெயராஜிடம் போனார். அந்த வரியில் எண் எதுவும் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். ஜெயராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒன்று என்று எடுத்துக்கொள்ளும், அதைத்தானே குறிப்பில் எழுதினேன் என்றார். குணபூசணி அந்தக் குறிப்பைத் தேடி எடுத்து நீட்டினார். 'ஒமிட்டட்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. வரியே இல்லாவிட்டால் ஒன்று.

"வரியே இல்லாட்டிதான் ஒன்னு. சரி, வரி இருக்கு, சமக்குறியும் இருக்கு, அதுக்குப் பிறகு ஒன்னும் இல்ல. அப்ப?"

ஜெயராஜின் கை விசைப்பலகையில் நின்றது. அப்படியொருவர் எழுதுவார் என்று அவர் நினைத்ததே இல்லை. சோதனைக் கோப்பைத் திறந்தார். வரியை நீக்கிவிட்டு ஓட்டினார். திரையில் ஒன்று வந்தது. வரியைத் திரும்பப் போட்டு, சமக்குறிக்குப் பிறகு வெறுமையாக விட்டு ஓட்டினார். சைபர் வந்தது.

"சைபர்னா சைரன் உடனே அடிக்கணுமே?" என்றார் குணபூசணி.

ஜெயராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆலையைக் கழுவும் நாட்களில் சைரன் வீணாக அடிக்கக்கூடாது என்று ஆலைக்காரர்கள் கேட்டதால், சைபர் போட்டால் அந்தக் கருவியை அணைத்துவிடும்படி அவர்தான் செய்திருந்தார். சைபர் என்றால் காற்றை நுகர்கிற பெட்டியைக் கணினி கேட்கவே கேட்காது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

யார் இவர்களைக் காலியாக விடச் சொன்னது என்று ஜெயராஜ் கேட்டார். குணபூசணி அலமாரியிலிருந்து மலாய்க் கையேட்டை எடுத்தார். முப்பத்தொன்றாம் பக்கம். ஓர் அட்டவணை. நான்காவது வரிசை. 'டிகோசோங்கான்' என்று இருந்தது. காலியாக விடப்பட்டால், ஒன்று.

அதை எழுதிய நேரம் அவருக்கு நன்றாக நினைவு வந்தது. இந்த வரியை எழுதாமல் விட்டால் என்று முதலில் நீளமாகத்தான் எழுதினார். அட்டவணையின் கட்டத்துக்குள் அடங்கவில்லை. சுருக்கினார். ஒரே சொல்லில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று அன்று சந்தோஷம்கூடப் பட்டார். பக்கிரிசாமி கையேட்டில் இருந்ததை ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. கையேடு சொன்னபடி செய்ததால்தான் மூன்று மாதமாக அந்த ஆலையில் சைரன் செத்துக் கிடக்கிறது.

மேருவுக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். ஐந்தாவது தடவை கிடைத்தது. பக்கிரிசாமி சிலிண்டர் கொட்டகையில் இருக்கிறார், அழைத்து வர ஆள் இல்லை, செய்தி இருந்தால் சொல்லுங்கள் என்றாள் ஆபரேட்டர் பெண். குணபூசணி சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்குப் பாதி புரியவில்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை. வைத்துவிட்டார்.

யோகநாதனின் அறைக் கதவைத் தட்டினார். யோகநாதன் முழுக்கக் கேட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தங்கள் குடும்பத்து வழக்கில் மெதுவாகச் சொன்னார்:

"மிஸ் குணா, இப்ப நீங்கள் ஒரு வார்த்தை சொன்னா அது நாளைக்குக் கோர்ட்டில வந்து நிக்கும். முதல்ல லோயரிட்டக் கேக்க வேணும். மூண்டு மணிக்குப் பிறகு நானே ஃபேக்ஸ் அனுப்புறன்."

"ரெண்டு மணிக்கு அங்க சிலிண்டர் மாத்துகினம்."

"மூண்டு மாசமா ஒண்டும் நடக்கேல்ல. ஒரு மணித்தியாலத்தில என்ன நடக்கப் போகுது?"

குணபூசணி வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று மாதமாக ஒன்றும் நடக்கவில்லை என்று எப்படித் தெரியும்? தெரியப்படுத்த வேண்டிய கருவிதானே அணைந்து கிடக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் அவரால் உட்கார முடியவில்லை. கைப்பையையும் கையேட்டையும் எடுத்துக்கொண்டார். படிக்கட்டில் ஜெயராஜ் பின்னாலேயே ஓடிவந்தார். வரியை அழித்தால் மட்டும் போதாது, மென்பொருள் கோப்பைப் படிப்பது தொடங்கும்போது ஒரே ஒரு தடவைதான், அதனால் நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னார். அதுவும் கையேட்டில் இல்லை என்று இருவருக்கும் அந்த நிமிடத்தில் தெரிந்தது.

டாக்சி கிடைக்கும்போது மணி பன்னிரண்டேகால். கூட்டரசு நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லோரியின் பின்விளக்குத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வண்டிகள் ஊர்ந்தன. கிள்ளான் பாலத்தில் பத்து நிமிடம் நின்றே விட்டது. டாக்சிக்காரர் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, இந்த மூட்டத்தில் யாரம்மா மேருவுக்குப் போவார்கள் என்றார். குணபூசணி கைக்கடிகாரத்தையும் முப்பத்தொன்றாம் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது திரும்பிப் போனாலும் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஒன்றும் நடக்காமல் போனால், பொறுப்பில்லாமல் பதறிய கிழவி என்று பெயர். ஏதாவது நடந்திருந்தால் அந்தச் சொல் அவருடையது. இரண்டையும் அவர் யோசித்தார். திரும்பச் சொல்லவில்லை.

ஆலைக் கதவில் காவலுக்கு நின்ற ஜாகா விடவில்லை. சந்திப்பு நேரம் குறித்திருக்கிறதா, கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். பக்கிரிசாமி என்ற ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கொடுங்கள் என்று குணபூசணி நின்றார். ஒன்று இருபதுக்கு வந்து சேர்ந்தவர் ஒன்று முப்பத்தைந்து வரை வெயிலும் இல்லாத நிழலும் இல்லாத அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் நின்றார். பக்கிரிசாமி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். குணபூசணி விஷயத்தைச் சொன்னார்.

"நான் தப்பு பண்ணிட்டேனா அக்கா?"

"நீங்க இல்ல. நான். வாங்க."

கட்டுப்பாட்டு அறை மாடியில் இருந்தது. அதன் கண்ணாடி வழியாகக் கீழே கையுறை அலசும் கூடம் முழுவதும் தெரிந்தது. நாற்பது பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட முகமூடி போடவில்லை. சைரன் அடித்தால் போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பதுதான் அங்கே பழக்கம். கண்ணாடிக்கு நேர் கீழே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி துண்டை வாயில் பொத்தி இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து வேலையைப் பார்த்தாள். அவளுக்கு அடுத்தவளும் இருமினாள். குணபூசணி பக்கிரிசாமியைப் பார்த்தார். மூட்டம் வந்ததிலிருந்து எல்லாருக்கும் இப்படித்தான் என்றார் அவர். சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கிப்போயிற்று.

அந்த வரியை அழிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் இன்னும் அதே சைபர்தான். நிறுத்தித் தொடங்க வேண்டும் என்றார் குணபூசணி. பக்கிரிசாமி தயங்கினார். இதே கணினிதான் கையுறை அச்சுகள் தொங்கி ஓடும் சங்கிலியையும் ஓட்டுகிறது. நிறுத்தினால் நான்கு நிமிடம் ஆலை முழுக்க நிற்கும், தொட்டியில் இருப்பதெல்லாம் வீணாகும். மேனேஜர் சொல்லாமல் அதைத் தொட்டால் தன் வேலை போய்விடும் என்றார். மேனேஜர் வெளிநாட்டுக்காரர்களோடு கூட்ட அறையில் இருந்தார். மணி ஒன்று நாற்பத்தெட்டு.

குணபூசணி தட்டாமலே அந்தக் கதவைத் திறந்துகொண்டு போனார். மேசையைச் சுற்றி ஆறு பேர். சீன மேனேஜர் எரிச்சலோடு நிமிர்ந்தார். குணபூசணி ஆங்கிலத்தில் பேசினார். தன் பெயரைச் சொன்னார். உங்கள் ஆலையில் வாயு சைரன் வேலை செய்யவில்லை, நான் எழுதிய ஒரு தவறான சொல்லால் அது மூன்று மாதமாக அணைந்திருக்கிறது, நான்கு நிமிடம் நிறுத்த அனுமதி கொடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். மேனேஜர் வெளியே காத்திருக்கச் சொன்னார். குணபூசணி காத்திருந்தார், ஆனால் வெளியே போகவில்லை. கையேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மேசை முனையில் நின்றார். வந்திருந்தவர்களில் ஒருவர், இந்த அம்மாள் சொல்வது உண்மையா என்று மேனேஜரைக் கேட்டார். அதன் பிறகுதான் மேனேஜர் சுவரில் இருந்த டெலிபோனை எடுத்து, நிறுத்து என்று ஒரு சொல் சொன்னார்.

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பும்போது சங்கிலி நின்றிருந்தது. திரை கறுத்து, பிறகு பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பக்கிரிசாமி ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். சூடு. அழுத்தம். நீர்மட்டம். வாயு எல்லை, ஒன்று. இருவரும் மூச்சுவிட்டார்கள்.

அந்த மூச்சு முடிவதற்குள் சைரன் அடித்தது.

கொட்டகையில் சிலிண்டரில் யாரும் கை வைத்திருக்கவில்லை. திரையில் சிவப்பாக மூன்று என்று ஒளிர்ந்தது. பழைய சிலிண்டரின் வால்வு எத்தனையோ நாளாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

கீழே பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓடவில்லை. சங்கிலி நின்றதால் ஏதோ சோதனை நடக்கிறது என்று நினைத்தார்கள். சிலர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். குணபூசணி கண்ணாடியைக் கையால் அறைந்தார். யாருக்கும் கேட்கவில்லை. பக்கிரிசாமி ஒலிபெருக்கியின் மைக்கை அவர் கையில் திணித்துவிட்டு வால்வை மூட ஓடினார்.

"எல்லாரும் வேலையப் போட்டுட்டு வெளிய வாங்க. உள்ள விஷக்காத்து. இப்பவே வாங்க."

தெரியாத பெண்குரல், அதுவும் தமிழில். அதுதான் அவர்களை நகர்த்தியது. இரண்டு நிமிடத்தில் கூடம் காலியாயிற்று. கார் நிறுத்துமிடத்தில் பெண்கள் புகைமூட்டத்துக்குள் நிழல்கள்போல நின்று இருமினார்கள். சூப்பர்வைசர் தலையை எண்ணினார். முப்பத்தேழு. மறுபடி எண்ணினார். முப்பத்தேழுதான்.

மூன்று பேர் பின்கதவு வழியாகப் போயிருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்துக்கு அதுதான் பக்கம். பின்கதவுக்கு வெளியேதான் சிலிண்டர் கொட்டகை. முகமூடி போட்டிருந்த பக்கிரிசாமி அவர்களைக் கண்டார். இருவர் தட்டுத்தடுமாறி நடந்து வந்துவிட்டார்கள். துண்டைப் பொத்திக்கொண்டு இருமியவள் சுவரோரம் சரிந்து கிடந்தாள். அவள் பெயர் இராஜம்மா. பக்கிரிசாமி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மேனேஜரின் காரிலேயே கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

குணபூசணி பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும்போது மாலை ஐந்து. மேனேஜர் ஏற்கனவே தொலைபேசியில் யோகநாதனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். யோகநாதன் தன் அறை வாசலில் நின்றார். குணபூசணி அவரைக் கடந்து போய்த் தன் மேசையில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் எண்ணைச் சுழற்றினார். இன்னும் பத்து ஆலைகளில் அதே கையேடு இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் டெக்னீஷியனை அழைத்து, அந்த வரியை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னார். சமக்குறிக்குப் பிறகு என்ன இருக்கிறது? கோசோங் என்று யாராவது சொன்னால், அந்தச் சொல் வேண்டாம், ஒன்றும் எழுதவில்லையா, முட்டை மாதிரி வட்டம் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாவது அழைப்பின்போது யோகநாதன் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பட்டியலின் கீழ்ப்பாதியைத் தான் எடுத்துக்கொண்டு மற்ற டெலிபோனைச் சுழற்றினார். காஜாங்கில் ஒன்று, பண்டமாரானில் இரண்டு, அந்த வரி காலியாகத்தான் இருந்தது. ஏழு மணிக்குள் மூன்றையும் திருத்தியாயிற்று.

அடுத்த வாரம் அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் குணபூசணிக்கு ஒரு வாக்குமூலம் தயாரித்துக் கொடுத்தார். ஆலை டெக்னீஷியன் கையேட்டைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று அதில் இருந்தது. யோகநாதன் அவர் முகத்தைப் பார்க்காமல் பேனாவை நீட்டினார். குணபூசணி அந்த வாக்கியத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே தன் கையால் எழுதினார்: டெக்னீஷியன் கையேட்டைச் சரியாகப் புரிந்துகொண்டார், கையேடு தவறு. யோகநாதன் அதைப் படித்தார். நிறுவனத்தை மூடச் சொல்கிறீர்களா என்று கேட்டார். குணபூசணி கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். நிறுவனத்தை மூடவில்லை. மேரு ஆலை கைவிட்டுப் போனது, அபராதம் வந்தது. குணபூசணிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அதில் இருந்த ஒரு எழுத்துப்பிழையை அவர் திருத்தவில்லை. ஜெயராஜ் மென்பொருளை மாற்றினார். சமக்குறிக்குப் பிறகு ஒன்றும் இல்லாவிட்டால் அது இனி எதையும் தானாக அனுமானிக்காது. இன்ன வரியில் எண் இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

இராஜம்மா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒன்பதாம் நாள் குணபூசணி பார்க்கப் போனார். தான் யார் என்று சொன்னார். இராஜம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"அந்தப் புத்தகத்த நாங்க கண்ணாலகூடப் பார்த்ததில்லம்மா. சைரன் அடிக்கலன்னா காத்து நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அதான் இருமல மூட்டத்து மேல போட்டோம்."

குணபூசணி நாற்காலியைக் கட்டிலருகே இழுத்து உட்கார்ந்தார்.

"மைக்ல பேசினதும் நீங்கதானா?"

"ஆமா."

"வெளிய வாங்கன்னீங்க. எந்தக் கதவுன்னு சொல்லலியே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். குணபூசணி கொண்டுபோன ஆரஞ்சுகளை மேசையில் வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. புனிதவதி கேட்டதற்கு, ஒரு கதவை விட்டுவிட்டேன் என்றார்.

பிறகு நடந்ததை அதிகம் சொல்வதற்கில்லை. இராஜம்மா ஆலைக்குத் திரும்பவில்லை. நுரையீரல் இடம் கொடுக்கவில்லை. மேருவிலேயே ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் காலை நேரம் மட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். மறு ஆண்டு யோகநாதன் நிறுவனம், கையேட்டோடு சேர்த்து, கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்காக ஒரு பக்கத் தாளும் தருவது என்று முடிவு செய்தது. மலாய், தமிழ், சீனம் மூன்றிலும். அது குணபூசணி வற்புறுத்தியது. தமிழை எழுதி முடித்ததும் அவர் அதைத் தட்டெழுத்தில் ஏற்றவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பஸ் பிடித்து மேருவுக்குப் போனார். இராஜம்மா வீட்டு வாசலில் நின்று, இதைப் படித்து என்ன புரிகிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டார்.

முதல் தடவை இராஜம்மா முடியாது என்றாள். இரண்டாம் தடவை, கண்ணாடி இல்லை என்றாள். மூன்றாம் தடவை உள்ளே வந்து உட்காரச் சொல்லி, தாளை வாங்கிக்கொண்டாள்.

அந்த மூன்றாம் தடவைக்குப் பிறகு நான்கு வருஷம், ஒவ்வொரு புதுத் தாளும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்த்தான் அச்சுக்குப் போயிற்று. இராஜம்மா அவரை மன்னித்துவிட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை, குணபூசணியும் கேட்டதில்லை. தேநீர் வரும், சில நாள் பிஸ்கட்டும் வரும். இராஜம்மா உரக்க வாசிப்பாள். மூச்சுக்காக நிறுத்துவாள். புரியாத இடம் வந்தால் விரலை அங்கே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பாள். "இது நம்ம வாய்ல வராத சொல்லும்மா" என்பாள். குணபூசணி பென்சிலை எடுத்து அந்தச் சொல்லை அடிப்பார்.